வார்சா போலி நகரம் அன்று

ஐரோப்பாவின் பழம்பெரும் தலைநகரங்களைக் காணப் புறப்படும் பிரயாணிக்கு யோசனை சொல்பவர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. போலந்துக்குப் போனால் கிராக்கோவைப் பார்க்க வேண்டும். பிராக் நகரத்துக்கும் புடாபெஸ்டுக்கும் போதிய நாட்களை ஒதுக்க வேண்டும். வார்சாவிலோ ரயில் மாறுவதற்கு வேண்டிய நேரத்துக்கு மேல் தங்க வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே பழைய நகரம் என்று காட்டப்படுவது 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுப்பப்பட்ட நகலே அன்றி உண்மையான பழமை அன்று என்பதே அந்த வார்த்தை. மேலெழுந்தவாரியாகப் பேசுகிறவர்கள் மட்டுமல்லாமல், கட்டடக் கலையைக் கற்றறிந்தவர்களிலும் பலர் இதையே சற்று நயமான சொற்களில் சொல்லிவருகிறார்கள். பன்முறை சொல்லப்பட்டமையாலேயே அது பிரமாணம் போல் ஆகிவிட்டது. அந்நகரத்துச் சதுக்கத்தில் வந்து நிற்பவர்கள்கூடத் தாங்கள் காண்பதைக் கண்கொண்டு பார்ப்பதற்கு முன்பே, அழகுதான், ஆனால் பொய் என்று தீர்ப்புக் கூறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்த அபிப்பிராயத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வார்சாவின் பழைய நகரம் போலி அன்று என்றும், இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கு விட்டுச்சென்ற சரித்திரச் சின்னங்களில் அதற்கு ஒப்பானவை மிகச் சிலவே என்றும், தன் வாழ்நாளில் ஐரோப்பியத் தலைநகரம் ஒன்றை மட்டுமே காணும் வாய்ப்புள்ளவன் அந்த ஒன்றை வார்சாவாகத் தேர்ந்தெடுத்தாலும் நஷ்டப்பட்டவன் ஆகமாட்டான் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கை பச்சாதாபத்தில் பிறந்ததன்று; நியாயங்களின் மேல் நிற்பது.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வதே முறை. அதில் மூன்று ஆட்சேபங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, கல்லும் செங்கல்லும் புதியவை. ஆகையால் அவற்றுக்குப் பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளின் முகத்தை அளிப்பது பார்ப்பவனை ஏமாற்றுவதாகும். இரண்டாவது, கட்டியவர்கள் இருந்ததை இருந்தபடியும் கட்டவில்லை. தங்களுக்கு உகந்த நூற்றாண்டைத் தேர்ந்துகொண்டு, உகவாததை விலக்கி, அன்றைய கம்யூனிஸ்ட் அரசாங்கத்தின் புகழுக்கு ஏற்ற ஒரு தோற்றத்தை அமைத்தார்கள். மூன்றாவது, அழகாகக் கட்டிவிட்டதனாலேயே அழிவின் சாட்சியத்தை அழித்துவிட்டார்கள். இடிபாட்டை இடிபாடாகவே விட்டிருந்தால் அது உண்மையைப் பேசியிருக்கும். இவற்றில் எதுவும் அற்பமான ஆட்சேபமன்று; ஒவ்வொன்றுக்கும் நின்று விடை சொல்ல வேண்டும்.

அழிவு எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியாமல் புனர்நிர்மாணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது. யுத்தத்தில் குண்டு விழுந்து பாழான நகரங்கள் எத்தனையோ உண்டு. வார்சாவின் கதை அவற்றினும் வேறானது. 1939 செப்டம்பர் 17-ஆம் தேதி ஜெர்மானியப் பீரங்கிகளால் அரச மாளிகை தீப்பற்றியபோது கோபுரத்துக் கடிகாரம் 11.15 மணிக்கு நின்றுபோயிற்று. நகரம் வீழ்ந்த பிறகு, சுமார் 13 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்தத் தலைநகரத்தின் இடத்தில் சிறியதொரு ஜெர்மானிய மாகாண நகரத்தை அமைப்பதற்கு 1940-லேயே படம் வரையப்பட்டது. மாளிகையின் சுவர்களில் வெடிமருந்து வைப்பதற்காக ஆயிரக்கணக்கான துளைகள் இடப்பட்டன. அந்தத் துளைகளோடு அது நான்காண்டுக் காலத்துக்கு மேல் தன் முடிவை எதிர்நோக்கி நின்றது. ஜெர்மானியர்களை எதிர்த்து வார்சாவில் 1944 ஆகஸ்டு 1-ஆம் தேதி தொடங்கிய எழுச்சி 63 நாட்கள் நீடித்து அக்டோபர் 2-ஆம் தேதி சரணாகதியில் முடிந்தது. ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை பொதுமக்கள் மாண்டார்கள்; எஞ்சியவர்கள் அனைவரும் நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

இதன் பிறகு நடந்ததுதான் இங்கே முக்கியமானது. எதிர்ப்பதற்கு ஒருவரும் இல்லாத, மக்களே இல்லாத நகரத்தை, அதற்கென்று அமைக்கப்பட்ட படைப்பிரிவுகள் வீதி வீதியாக நெருப்பிட்டும் வெடி வைத்தும் தகர்த்தன. கிராசின்ஸ்கி நூலகத்தில் காக்கப்பட்டிருந்த அரிய கையெழுத்துப் பிரதிகள் சரணாகதிக்குப் பின்னர், அக்டோபர் மாதத்தில் சாம்பலாக்கப்பட்டன. சாக்ஸன் அரண்மனை டிசம்பர் மாதத்தின் கடைசி நாட்களில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. 1945 ஜனவரி 17-ஆம் தேதி சோவியத் படையும் போலிஷ் படையும் உள்ளே நுழைவதற்கு மூன்று வாரங்களே இருந்தன. யுத்தத்தின் தேவை எதுவும் இச்செயலை வேண்டவில்லை. நூலகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் ஆலயத்தையும் அரண்மனையையும் தேடித் தேடி அழித்ததன் குறிக்கோள், இங்கே ஒரு ஜனசமூகம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது என்ற ஞாபகமே எஞ்சாதிருக்க வேண்டும் என்பதுதான். சரித்திர மையத்தின் கட்டடங்களில் 85 சதவீதத்துக்கும் மேலானவை மண்ணோடு மண்ணாயின.

ஞாபகத்தை அழிப்பதற்கென்றே செய்யப்பட்ட அழிவுக்கு விடை என்னவாக இருக்க முடியும்? பழைய கல் போய்விட்டது, ஆகவே இனி வேறொரு நகரத்தைக் கட்டுவோம் என்று வார்சா மக்கள் ஒதுங்கியிருந்தால், அழித்தவர்களின் எண்ணம் அவர்கள் தோற்ற பின்னும் நிறைவேறியிருக்கும். தலைநகரத்தையே வேறிடத்துக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனையும் அப்போது இல்லாமற் போகவில்லை. ஆனால் குளிர்காலத்தின் நடுவிலேயே, கண்ணிவெடிகள் முற்றும் அகற்றப்படுவதற்கு முன்பாகவே, மக்கள் தங்கள் வீதிகளைத் தேடிக்கொண்டு திரும்பிவந்தார்கள். 1945 பிப்ரவரியில் தலைநகரப் புனர்நிர்மாணக் காரியாலயம் நிறுவப்பட்டது. அதன் பழங்கட்டடப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர் பேராசிரியர் யான் ஜக்வத்தோவிச். ஒரு தேசத்தின் பண்பாட்டுச் சின்னங்களை வேண்டுமென்றே பறித்துச் சென்றவர்களின் செயலுக்கு அத்தேசம் தலைவணங்கிவிடக் கூடாது என்பதே அவருடைய கொள்கையின் சாரம்.

இனி, கட்டியவர்கள் எதை ஆதாரமாகக் கொண்டார்கள் என்று பார்ப்போம். வார்சா பாலிடெக்னிக்கில் போலிஷ் கட்டடக் கலைத் துறையை நடத்திவந்த பேராசிரியர் ஒஸ்கார் சொஸ்னோவ்ஸ்கி யுத்தத்துக்கு முன்பிருந்தே நாட்டின் பழங்கட்டடங்களை மாணவர்களைக் கொண்டு அளந்து வரைவித்துவந்தார். 1939 செப்டம்பர் முற்றுகையில் காயமுற்று அவர் இறந்துபோனார். அவர் தொடங்கிய பணியோ நிற்கவில்லை. போலிஷ் மக்களுக்கு உயர்கல்வியே மறுக்கப்பட்டிருந்த ஆக்கிரமிப்புக் காலத்தில், ஆசிரியர்களும் மாணவர்களும் மறைவில் அப்பணியைத் தொடர்ந்தார்கள். எழுச்சி தோல்வியுற்று நகரம் எரிந்துகொண்டிருந்த நாட்களில் அந்த வரைபடங்கள் வெளியே கொண்டுசெல்லப்பட்டு, பியோத்ர்குவ் நகரத்து மடாலயமொன்றில் ஒளித்துவைக்கப்பட்டன. தேசிய அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஸ்தானிஸ்லாவ் லோரென்ட்ஸும் அவரைச் சேர்ந்தவர்களும், எரிந்த மாளிகையிலிருந்து சிற்பத் துண்டுகளையும் சித்திரங்களையும் கதவுச் சட்டங்களையும் பெயர்த்தெடுத்துக் காத்துவைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மன்னர் ஸ்தானிஸ்லாவ் அகஸ்டின் அவை ஓவியராயிருந்த வெனிஸ் நகரத்துப் பெர்னார்தோ பெல்லோத்தோ வீதி வீதியாக வரைந்துவைத்த காட்சிகளும் யுத்தத்தில் கொள்ளைபோய் மீண்டு வந்தன. அவர் வரைந்த 22 காட்சிகள் இன்றும் மாளிகையில் அவற்றுக்கென்றே அமைந்த ஒரு கூடத்தில் தொங்குகின்றன.

நம்முடைய பழைய நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்த வழியை இங்கே நினைத்துப் பார்ப்பது பொருந்தும். புலவன் கைப்பட எழுதிய ஏடு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. செல்லரித்த சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையிலும், அந்த ஓலை நைந்தபோது இன்னொரு புதிய ஓலையிலும் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதியவர்களால்தான் அந்நூல்கள் உயிர் வாழ்கின்றன. ஓலை புதியது என்பதற்காக நூலைப் போலி என்று சொல்பவர் நம்மில் எவருமில்லை. வார்சாவின் வீடுகளும் அவ்வாறே, அளவு குறித்த வரைபடத்தினின்றும் எஞ்சிய துண்டினின்றும் பெயர்த்தெழுதப்பட்டவை. அவற்றை எழுதியவர்கள் யாரோ அந்நியர்கள் அல்லர். அந்த வீதிகளில் நடந்து வளர்ந்தவர்கள், அவற்றைக் கைகளால் அளந்தவர்கள், அவை விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள். நிலவறைகளும் அடித்தளங்களும் பல இடங்களில் பழையனவே. இடிபாட்டுக் குவியல்களிலிருந்து பொறுக்கி எடுத்த வாயில்களும் செதுக்கல்களும் தத்தம் இடத்தில் மீண்டும் பதிக்கப்பட்டன.

ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு மறைத்தல் என்பது இன்றியமையாத இலக்கணம். வார்சா எதையும் மறைக்கவில்லை. கிராக்கோவிலிருந்து அரசவையை வார்சாவுக்கு மாற்றிய மூன்றாம் சிகிஸ்மண்ட் மன்னருக்கு அவர் மகன் 1644-இல் நிறுவிய நினைவுத்தூண் 1944 செப்டம்பரில் வீழ்த்தப்பட்டது; 1949-இல் புதிய கருங்கல் தூணின்மேல் சிலை மீண்டும் ஏற்றப்பட்டது. பழைய தூணின் உடைந்த துண்டங்கள், வருகிறவர் எல்லோரும் காணும்படியாக, மாளிகையின் அருகிலேயே கிடத்தப்பட்டிருக்கின்றன. பழைய நகரத்துக்குள்ளேயே புனர்நிர்மாணத்தின் கதையைச் சொல்வதற்கென்று ஒரு காட்சியகம் இருக்கிறது. யுனெஸ்கோ நிறுவனம் 1980-இல் இந்நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டு வரையிலான சரித்திரத்தை ஏறக்குறைய முழுமையாகப் புனர்நிர்மாணம் செய்ததற்கு ஈடற்ற உதாரணம் என்றே ஏற்றது. தலைநகரப் புனர்நிர்மாணக் காரியாலயத்தின் ஆவணங்களும் 2011-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. தன் பிறந்த தேதியைத் தானே பறைசாற்றும் ஒன்றைப் போலி என்று சொல்வது வழக்குக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது.

அன்றியும், வார்சாவை அளக்கும் கோலால் மற்ற நகரங்களை யாரும் அளப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு சதுக்கத்தில் வானளாவி நிற்கும் மணிக்கோபுரம் 1902-இல் தானாகவே இடிந்து விழுந்து, இருந்த இடத்தில் இருந்த வண்ணமே 1912-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. பிராக் நகரத்தின் மகுடமாகிய புனித வீட்டஸ் பேராலயம் 1344-இல் தொடங்கப்பட்டதாயினும், அதன் மேற்குப் பாதி பத்தொன்பது இருபதாம் நூற்றாண்டுகளின் வேலையேயாகும். அது நிறைவு பெற்றது 1929-இல். புடாபெஸ்டில் பிரயாணிகள் திரண்டு நிற்கும் மீனவர் கொத்தளம் 1902-இல்தான் கட்டி முடிந்தது. ரோமாபுரியின் மதிற்புறத்துப் புனித பவுல் பேராலயம் 1823-இல் எரிந்து, பின்னர் கட்டப்பட்டு, 1854-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. வார்சாவைப் புறக்கணிப்பவர்கள் மெய்யான பழமை என்று சுட்டிக்காட்டும் கிராக்கோவிலேயே, துணிச் சந்தையின் இருமருங்கும் அழகு செய்யும் வளைவு மண்டபங்கள் 1870-களில் சேர்க்கப்பட்டவை. இந்நகரங்களைக் குறைத்துச் சொல்வது என் கருத்தன்று. அவை யாவும் காணத்தக்கவையே. பழுதுபார்த்தும் புதுக்கியும் திரும்பக் கட்டியும்தான் எந்தப் பழைய நகரமும் நிலைபெறுகிறது என்பதும், மற்றவற்றில் நூற்றாண்டுகளாகப் பரவி நடந்த செயல் வார்சாவில் ஒரு தலைமுறையின் காலத்துக்குள் திரண்டு நடந்தது என்பதுமே நான் சொல்ல விரும்புவது.

கற்றறிந்தவர்கள் இந்த இடத்தில் 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை எடுத்துக்காட்டுவார்கள். பழஞ்சின்னங்களைப் பேணுவோருக்கு வேதம் போன்றது அது. ஊகத்தின் மேல் எதையும் கட்டலாகாது, பழுதுபார்ப்பது எங்கே ஊகமாகிறதோ அங்கேயே நின்றுவிட வேண்டும், புதிதாகச் சேர்ப்பது பழையதைப் பொய்ப்பிக்கலாகாது என்று அது விதிக்கிறது. அந்தச் சாசனத்தை வகுத்த குழுவில் இருந்தவர்களில் ஒருவர் யார் என்று பார்த்தால், அவர் யான் ஜக்வத்தோவிச்சேதான். வார்சாவைத் திரும்பக் கட்டியவரே இந்த விதிகளுக்கும் கையொப்பமிட்டார் என்பதிலிருந்து நாம் உணர வேண்டியது ஒன்று உண்டு. விதியை அறியாத பேதைமையால் வார்சா எழவில்லை. விதியை முற்றும் அறிந்தவர்கள், ஒரு மகா பாதகத்தின் எதிரில் அவ்விதிக்கு விலக்கு உண்டு என்று தெளிந்து எழுப்பிய நகரம் அது. காலத்தின் தேய்வால் மெல்ல மறையும் கட்டடத்தின் முன் நாம் அடங்கியிருப்பது விவேகம். கொலைஞன் கைப்பட்டு வீழ்ந்ததன் முன் அடங்கியிருப்பது விவேகமாகாது.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு வருவோம். கட்டியவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உண்மை. புனித யோவான் பேராலயத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அளிக்கப்பட்டிருந்த முகப்பைத் திரும்பக் கட்டாமல், அதற்கு முந்திய மசோவியக் காதிக் பாணியைத் தழுவி ஜக்வத்தோவிச் புதிய முகப்பு ஒன்றை வகுத்தார். வீடுகளின் பின்புறத்தில் நெருங்கி முளைத்திருந்த கட்டடங்களை விட்டுவிட்டு முற்றங்களைத் திறந்துவிட்டார்கள்; சுவர்களின் மேல் 1950-களின் ஓவியர்கள் தங்கள் காலத்து அலங்காரங்களைத் தீட்டினார்கள். தலைநகரத்துக்குச் செங்கல் வேண்டும் என்பதற்காக விராத்ஸ்வாவ் முதலிய, ஜெர்மனியிடமிருந்து போலந்துக்கு வந்த நகரங்களில் நிறுத்திக் காக்கத்தக்க சுவர்களும் இடிக்கப்பட்டன. அது அந்நகரங்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கு என்பதில் சந்தேகமில்லை. சந்தைச் சதுக்கம் 1953 ஜூலை 22-இல் திறக்கப்பட்டதும், அது அன்றைய அரசாங்கத்தின் தேசியத் திருநாள் என்பதனாலேதான்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் எதிர்வாதத்தின் முடிவு பின்தொடர்வதில்லை. அரசாங்கம் தன் புகழை நாடிற்று என்பதனால் மக்களின் உழைப்பு அரசாங்கத்தின் சொத்தாகிவிடாது. சிறு சிறு தொகைகளாக நாடெங்கும் திரட்டப்பட்ட பணத்தாலும், இடிபாடுகளை அகற்றக் கூடிய ஆயிரக்கணக்கான கைகளாலும் எழுந்த நகரம் அது. அதற்கு மறுக்கவியலாத அத்தாட்சி அரச மாளிகையின் சரித்திரம். பழைய நகரத்து வீடுகளைக் கட்டிய அதே ஆட்சி, மன்னர்கள் வாழ்ந்ததும், 1791 மே 3-ஆம் தேதியின் அரசியல் சாசனம் நிறைவேறியதுமான மாளிகையைக் கட்டுவதற்குப் பல்லாண்டுகள் இசையவில்லை. 1971-இல்தான் அனுமதி பிறந்தது. நாட்டிலுள்ளவர்களும் கடல் கடந்து வாழும் போலிஷ் மக்களும் அளித்த நன்கொடைகளால் அது எழுந்தது. 1974-இல் கோபுரத்துக் கடிகாரத்தை 11.15 மணியிலிருந்தே மீண்டும் ஓடவிட்டார்கள். 1984-இல் உட்கூடங்கள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. 1989-இல் அந்த ஆட்சியும் போயிற்று, மாளிகை நிற்கிறது. எந்த ஆட்சியின் விளம்பரமும் அந்த ஆட்சிக்குப் பின் இவ்வளவு அன்போடு பேணப்படுவதில்லை. மற்றபடி, தேர்ந்தெடுத்தார்கள் என்ற குறை எந்த நகரத்துக்கு இல்லை? ஒவ்வொரு தலைமுறையும் தன் முன்னோர் கட்டியதில் சிலவற்றை வைத்துக்கொண்டு சிலவற்றைக் களைந்தே வந்திருக்கிறது. வார்சாவில் அந்தத் தேர்வு காகிதத்தில் பதிவாகியிருப்பதனால் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

மூன்றாவது ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது. அதில் நான் மனமார மதிக்கும் ஓர் உண்மை இருக்கிறது. யுத்தத்துக்கு முந்திய வார்சாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் யூதர்கள். 1940 நவம்பரில் மதிலிட்டு மூடப்பட்ட, கெட்டோ எனப்படும் யூதர் ஒதுக்கிடத்தில் ஒரு காலத்தில் நான்கரை லட்சம் பேர் வரை நெருக்கி அடைக்கப்பட்டிருந்தார்கள். 1942 ஜூலை 22-ஆம் தேதி, அதாவது சதுக்கம் திறக்கப்பட்ட அதே தேதியில், பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு, அவர்களைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஏற்றிச் செல்லும் ரயில்கள் புறப்படத் தொடங்கின; இரண்டு மாதங்களில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 ஏப்ரல் 19-இல் எஞ்சியவர்கள் ஆயுதமேந்தினார்கள். மே 16-இல் பெரிய ஜெபாலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதோடு கெட்டோ முற்றிலும் அழிந்தது. அந்த ஜெபாலயம் திரும்பக் கட்டப்படவில்லை. அது நின்ற இடத்தில் இன்று கண்ணாடி முகப்புடைய உயர்ந்த காரியாலயக் கட்டடம் நிற்கிறது. பழைய நகரத்துச் சதுக்கத்தை மட்டும் கண்டு மகிழ்ந்து திரும்புகிறவன் இந்த வார்சாவைப் பற்றி ஒன்றுமே அறியாமல் திரும்புகிறான் என்றால், அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் இதிலிருந்து பிறக்கும் முடிவு, வார்சாவைத் தவிர்க்க வேண்டும் என்பதாக எப்படி ஆகும்? அழிவின் சாட்சியம் மறைக்கப்பட்டுவிட்டது என்று சொல்பவர்கள், சதுக்கத்திலிருந்து அரை மணி நேரம் நடந்து முரானுவ் பகுதிக்குப் போவதில்லை. அங்கே கெட்டோவின் இடிபாடுகள் அகற்ற இயலாத அளவுக்குக் குவிந்துகிடந்தமையால், கட்டடக் கலைஞர் போதான் லாகெர்ட் அந்த மேடுகளின் மேலேயே, அந்த இடிபாடுகளை நொறுக்கிச் செய்த கற்களைக் கொண்டே குடியிருப்புகளை எழுப்பினார். வீதியிலிருந்து படியேறி வீட்டு வாயிலை அடைகிறவன் மறைந்த நகரமொன்றின் மேல் ஏறுகிறான். நொவோலிப்கி வீதியில், கெட்டோவில் அடைபட்டிருந்த சரித்திராசிரியர் ரிங்கல்பிளமும் அவருடைய தோழர்களும் தங்கள் மக்களின் வாழ்வையும் சாவையும் எழுதித் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்துவைத்த ஆவணங்கள் 1946-லும் 1950-லும் தோண்டியெடுக்கப்பட்டன. ஜெபாலயத்தின் பக்கத்திலிருந்த யூத நூலகக் கட்டடம் தப்பி நிற்கிறது. அதன் தளத்தில் அன்றைய நெருப்பின் வடு இன்றும் இருக்கிறது. சாக்ஸன் அரண்மனையில் எஞ்சிய வளைவுகளின் கீழே, பெயரறியாப் போர்வீரனின் சமாதி, உடைந்தது உடைந்தபடியே காவல் காக்கப்படுகிறது. ஆக, திரும்பக் கட்டப்பட்டது, இடிபாட்டின் மேல் கட்டப்பட்டது, கட்டப்படாமலே விடப்பட்டது என்ற மூன்று விடைகளையும் ஒரே நகரம் ஒரே நாளின் நடையில் நமக்குக் காட்டுகிறது. இத்தகைய கல்வியை அளிக்கும் தலைநகரம் ஐரோப்பாவில் வேறு எது?

இவ்விவாதத்தின் வேர் உண்மையில் பிரயாணத்தைப் பற்றிய நம் கருத்தில் இருக்கிறது. வயதை வணங்குவதே தலைநகர யாத்திரை என்று எண்ணுகிறவன், கல்லின் ஆண்டுக்கணக்கைக் கேட்டுவிட்டு அதற்கு ஏற்றபடி வியப்பான் அல்லது வியவான். அவனுக்குச் சரித்திரம் என்பது நிகழ்ந்து முடிந்த ஒரு பொருள். அது கெடாமல் வைக்கப்பட்டிருந்தால் போதும். ஆனால் கல்லுக்குத் தானாக ஒரு சரித்திரமும் இல்லை. அதைக் கட்டவும் காக்கவும் இழக்கவும் மீட்கவும் மனிதர்கள் கொண்ட சங்கற்பமே சரித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் தேசப்படத்திலேயே இடமின்றிப் போன ஒரு நாட்டின் தலைநகரம், தன் சாசனத்தையும் மொழியையும் ஞாபகத்தில் வைத்துக் காத்தது போலவே தன் வீதிகளையும் ஞாபகத்தில் வைத்துக் காத்தது. பழைய நகரத்து வீடுகள் காட்சிப்பொருளாக மட்டும் கட்டப்படவில்லை. குடும்பங்கள் வாழ்வதற்கான இல்லங்களாகவே கட்டப்பட்டன, இன்றும் அவற்றில் மக்கள் வாழ்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற பழைய நகரங்கள் பலவற்றில் குடியிருப்போர் குறைந்து விடுதிகளே மிகுந்துவரும் இக்காலத்தில், இதுவும் ஒருவகை மெய்ம்மை அன்றோ?

ஆகையால் வார்சாவுக்குப் போகிறவர்களுக்கு நான் கூறும் யோசனை இதுதான். ரயில் மாறும் நேரத்தில் ஓடிப்போய்ச் சதுக்கத்தைப் பார்க்க வேண்டாம். குறைந்தது மூன்று நாட்களை ஒதுக்குங்கள். முதலில் முரானுவுக்குச் சென்று, என்ன அழிந்தது என்பதை அறியுங்கள். அடுத்துச் சாக்ஸன் அரண்மனையின் எஞ்சிய வளைவுகளின் முன் நின்று, எவ்வாறு அழிந்தது என்பதை அறியுங்கள். பிறகு அரச மாளிகைக்குள் சென்று, பெல்லோத்தோவின் காட்சிகளைப் பொறுமையாகப் பாருங்கள். அவற்றைப் பார்த்த கண்ணோடு வெளியே வந்து, உடைந்த தூணின் துண்டங்களைக் கடந்து, கடைசியாகச் சந்தைச் சதுக்கத்தை அடையுங்கள். விஸ்துலா நதியின் கீழ்க்கரையிலுள்ள பிராகா பகுதியில், பெரும்பாலும் அழிவுக்குத் தப்பி நிற்கும் வீதிகளையும் ஒரு மாலை நேரம் நடந்து பார்த்தால், மேல்கரை இழந்ததன் அளவு விளங்கும். இந்த வரிசையில் பார்த்தவன் அந்தச் சதுக்கத்தைப் போலி என்று சொல்ல மாட்டான்.

வெறுப்பு எவ்வளவு முறையாகத் திட்டமிட்டு அழித்தாலும், அதனினும் முறையாகத் திட்டமிட்டு மீட்கும் ஆற்றல் மனிதர்க்கு உண்டு என்பதற்கு ஐரோப்பாவில் கண்கூடான நிரூபணம் ஒன்று வேண்டுமானால், அது வார்சாவில் இருக்கிறது. பழமையை மட்டும் தேடுகிறவர்கள் வேறு நகரங்களுக்குப் போகட்டும். அவற்றிலும் தாங்கள் எண்ணுகிற அளவு பழமை இல்லை என்பதை அறிந்துகொண்டு போகட்டும். நகரம் என்பது எதனால் நகரமாகிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் வார்சாவைத் தவிர்த்துவிட்டு ஐரோப்பாவைக் கண்டதாகச் சொல்லிக்கொள்ள நியாயமில்லை.